பெற்றோரின் போதையும் பிள்ளைக்கான காவலும்

மாதா, பிதா, குரு, தெய்வம் என்ற வரிசையில் தெய்வத்துக்கும் முன்னதாகத் தாய் தந்தையரை வைத்துப் போற்றுவது தமிழர் மரபு. பாலர் வகுப்பில் கற்பிக்கப்படும் முதற் பாடமும் இதுவே. ஆனால் தெய்வமாக வணங்கப்படவேண்டிய அந்தத் தகப்பன், மாலை ஆறு மணிக்கு மேல் நிற்கவும் முடியாத நிலையில் வீட்டுக்கு வருவானாயின் பிள்ளை யாரை வணங்குவது? யாரிடம் போய் முறையிடுவது? தாய் தந்தையரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எந்தக் குழந்தைக்கும் கொடுக்கப்படவில்லை. எந்த வீட்டில் பிறந்ததோ அந்த வீட்டின் நிறைவையும் குறையையும் அது சேர்த்தே சுமக்கிறது. எனவே பெற்றோரிடமிருந்தே பிள்ளையைக் காக்கவேண்டிய நிலை ஏற்படும்போது அந்தக் காவலைச் செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்பது ஆன்மிக நாட்டமுடைய அடியார்களும் சிந்திக்கவேண்டிய கேள்வியாகும்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்னும் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தார். இது கவனிக்கத்தக்கது. குடி என்பது ஒருவனுடைய தனிப்பட்ட ஒழுக்கக் குறை மட்டுமல்ல, நாட்டையும் சமூகத்தையும் தொடும் காரியம் என்று அவர் கருதியிருக்கவேண்டும். குடித்தவனைப் பெற்ற தாயும் பார்க்கச் சகியாள் என்ற கருத்தும் அவ்வதிகாரத்தில் உண்டு. பெற்றவள் முகத்தைச் சுளிக்கலாம், திரும்பிக்கொள்ளலாம், சொல்லித் திருத்தவும் பார்க்கலாம். குடித்துவிட்டு வரும் பெற்றோரைப் பார்க்கும் குழந்தையோ எங்கே திரும்பும்? அதற்கு இருப்பது ஒரே காம்பரா.

லிந்துலை, அக்கரப்பத்தனை, தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களில் வாழ்வோருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சம்பள நாளன்று பிள்ளைகள் கடை மிட்டாய்க்காகக் காத்திருந்த காலமும் உண்டு. தகப்பனின் காலடிச் சத்தத்தைக் கேட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போர்வைக்குள் நுழையும் பிள்ளைகளும் உண்டு. அடி விழுந்தால்தான் துன்பம் என்று பெரியவர்கள் நினைக்கின்றார்கள். அடி விழாத வீட்டிலும் பிள்ளை பசியோடு படுக்கிறது. விளக்கை அணைக்கச் சொல்வதால் வீட்டுப்பாடம் எழுதாமற் போகிறது. மறுநாள் வகுப்பில் தூங்கி விழுந்து ஆசிரியரிடம் ஏச்சு வாங்குகிறது. ஏன் தூங்கினாய் என்று கேட்டால் பதில் சொல்லாது. வீட்டுக் காரியத்தை வெளியிற் சொல்லக்கூடாது என்பது அதற்கு நாலு வயதிலேயே தெரிந்துவிடுகிறது.

குடிப்பது ஆண்கள் மட்டும் என்று சொல்வதும் முழு உண்மையல்ல. நாள் முழுவதும் மலையில் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த களைப்புக்கு என்று தொடங்கி, பழக்கத்துக்கு அடிமைப்பட்ட தாய்மாரும் உளர். இன்னொரு பக்கம், குடிகாரக் கணவனை நம்பிப் பயனில்லை என்று மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குப் போன தாய்மார் எத்தனையோ பேர். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று போனவள் எந்தத் தகப்பனிடமிருந்து காப்பாற்ற நினைத்தாளோ, அவனிடமே பிள்ளையை விட்டுவிட்டுப் போகவேண்டியதாயிற்று. அரசாங்கமும் இதைக் கவனித்தது. 2013ஆம் ஆண்டு வந்த சுற்றறிக்கைப்படி 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வீட்டுப் பணிக்குப் போக முடியாது. மற்றவர்களும் குடும்பப் பின்னணி அறிக்கை கொடுக்கவேண்டும். 2022இல் அந்த வயதெல்லை 2ஆகக் குறைக்கப்பட்டது. பிள்ளையைத் தாய் பிரியலாமா என்று கேட்பதற்கு ஒரு படிவம் உண்டு. வீட்டில் இருந்துகொண்டே பிள்ளையைக் கைவிட்ட தகப்பனைக் கேட்பதற்குப் படிவம் எதுவும் அச்சிடப்படவில்லை. பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்று 1979இல் போட்ட விதியை 2018 ஜனவரியில் நீக்கி, சில நாட்களிலேயே திரும்பவும் கொண்டுவந்ததும் இதே மனப்பான்மைதான்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குடிக்கும் பெற்றோரிடமிருந்து பிள்ளையைக் காக்க என்று தனியாக ஒரு சட்டம் இலங்கையில் இல்லை. ஆனால் பல சட்டங்களில் அதற்கான இடம் இருக்கிறது. மிகப் பழையது 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். ஆங்கிலேயர் தங்கள் நாட்டில் 1933இல் ஆக்கிய சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது அது. (அந்நாட்டில் அதற்கும் முன்பே, 1902இல், ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு பொது இடத்தில் வெறியில் இருப்பது குற்றமாக்கப்பட்டது. இந்தத் தீவின் மலைச்சரிவுகளில் தோட்டங்களுக்கு அருகே சாராயக் கடைகளுக்கு அனுமதி கொடுத்து வரி வாங்கியவர்களும் அதே ஆங்கிலேயர்தாம்.) பெற்றோர் இல்லாத பிள்ளை மட்டுமல்ல, பெற்றோர் இருந்தும் அவர்கள் பராமரிக்கத் தகுதியற்றவர்களாக அல்லது உரிய கவனிப்பைச் செலுத்தாதவர்களாக இருந்து, அதனால் தீய வழியில் விழக்கூடிய பிள்ளையும் 'காப்பும் பராமரிப்பும் வேண்டிய பிள்ளை' என்று 1939ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நீதிமன்றம் அத்தகைய பிள்ளையை உறவினரிடமோ தகுதியான வேறொருவரிடமோ ஒப்படைக்கலாம். ஒழுங்காகப் பராமரிப்பேன் என்று பெற்றோரிடமே பிணைமுறி எழுதி வாங்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் விடவும் செய்யலாம். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் தோட்டங்களில் பெரிதாக இருக்கிறது. பிணைமுறியும் மேற்பார்வையும் சட்டத்தில் இருப்பது பலருக்குத் தெரியாது.

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991 யூலையில் ஏற்றுக்கொண்டது. அதன் பின் தண்டனைச் சட்டக்கோவை 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டு 308அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைப் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே அவரைத் தாக்கினாலும், துன்புறுத்தினாலும், கவனியாது விட்டாலும், கைவிட்டாலும் அது கொடுமை என்னும் குற்றமாகும். தண்டனை 2 ஆண்டுக்குக் குறையாத, 10 ஆண்டுக்கு மேற்படாத சிறை. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. அதே ஆண்டில் வந்த மற்றொரு திருத்தம், போதைப்பொருள் கடத்தலுக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது.

இச்சட்டங்களை வாசிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. எந்த இடத்திலும் பெற்றோர் குடிக்கக்கூடாது என்று எழுதப்படவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுசாரமும் சிகரெட்டும் விற்பதைத் தடுக்கிறது. அது விற்பவனை நோக்கிய சட்டம். தகப்பன் பிள்ளையின் கையில் காசைக் கொடுத்துப் போத்தல் வாங்கிவரச் சொன்னால் கடைக்காரனைத்தான் அது பிடிக்கும். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 'ஐஸ்' என்னும் போதைப்பொருளை 5 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என்கிறது. தூளைக் கிராம் கணக்கில் நிறுக்கத் தராசு இருக்கிறது. சட்டபூர்வமான கடையில் வாங்கிய சாராயத்தால் ஒரு வீட்டில் பத்து வருடம் பிள்ளைகள் படும் பாட்டை நிறுக்க அப்படி ஒரு தராசு இல்லை. சமவாயத்தின் 33ஆம் உறுப்புரையும் போதைப்பொருட்களிலிருந்து சிறுவரைக் காக்கவேண்டும் என்று சொல்கிறதேயன்றி மதுவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மலையகத்துப் பிள்ளைகளுக்கு இன்றும் பெரும் கேடு சாராயமும் கசிப்பும்தான்.

ஆயினும் குடியைக் குற்றமாக்காமல், பிள்ளைக்கு வரும் தீங்கைக் குற்றமாக்கியது சரியான வழியே எனலாம். பெரிய பெருநாளில் ஒருவன் கொஞ்சம் குடித்துவிட்டுப் பேசாமற் படுத்துவிடுகிறான். இன்னொருவன் ஒரு துளியும் தொடாமல் பிள்ளையைக் கம்பால் அடித்துத் தோலை உரிக்கிறான். இவர்களில் பிள்ளைக்குக் குற்றம் செய்தவன் இரண்டாமவன். போத்தலைப் பார்க்கும் சட்டம் முதலாமவனைப் பிடித்து இரண்டாமவனை விட்டுவிடும். பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் சட்டம் அப்படி ஏமாறாது. குடிகாரன் என்ற பட்டமே ஒருவனைப் பெற்றோர் என்ற பதவியிலிருந்து நீக்கிவிடாது. அதேபோல, பெற்றவன் என்ற பதவியும் அவன் செய்கிற தீங்குக்கு மறைப்பாகிவிடாது.

இதற்கு மறுப்புச் சொல்வோர் பலர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டுக் காரியத்தில் பொலிசும் நீதிமன்றமும் நுழைந்தால் அந்த வீடு பிறகு வீடாக இருக்குமா என்று கேட்கின்றனர். தகப்பன் இரண்டு வருடம் சிறைக்குப் போனால் அவன் குடித்ததுபோக மிஞ்சிவந்த சம்பளமும் நின்றுவிடும். லயக் காம்பராவோ தோட்டத்துக்குச் சொந்தமானது, வேலையோடு சேர்ந்தது. பிள்ளையை இல்லத்தில் சேர்த்தால், நல்ல இல்லமாகவே இருந்தாலும், பழகிய பாடசாலை போய்விடும். சகோதரங்கள் பிரிந்துவிடலாம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது அந்தப் பிள்ளை ஊரில் இருக்காது. ஆகவேதான் மனைவி பேசாமல் இருக்கிறாள். பாட்டி பேசாமல் இருக்கிறாள். இதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கின்றார்கள். அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் கூட்டினாலும் நட்டமே வருகிறது.

வெறும் தண்டனை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்தது ஒரு பாடம். தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத்து வைத்தியசாலை ஒன்றில், 1989 முதல், கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்கள் சம்மதமில்லாமல் சோதித்துப் போதைப்பொருள் தெரிந்தால் பொலிசுக்குச் சொல்லும் நடைமுறை இருந்தது. வயிற்றுப் பிள்ளையைக் காப்பதே நோக்கம் என்றார்கள். 2001இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. அதைப் பார்த்த பிறகும் டென்னசி மாநிலம் 2014இல் இதேபோன்ற தாய்மாரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை இரண்டு ஆண்டுக்கெனக் கொண்டுவந்தது. சிறைக்குப் பயந்து தாய்மார் வைத்தியரிடம் போவதையே தவிர்க்கின்றனர் என்ற முறைப்பாடு எழுந்தது. 2016இல் அச்சட்டம் நீடிக்கப்படாமல் காலாவதியானது. பிள்ளையைக் காக்க வந்த சட்டமே பிள்ளையை வைத்தியரிடமிருந்து தூரப்படுத்தியது.

இலண்டனில் வேறொரு வழி பார்த்தார்கள். பிரித்தானியாவில் போதைப்பொருளுக்கு அடிமையான பெற்றோரின் பிள்ளைகள் இரண்டரை இலட்சம் முதல் மூன்றரை இலட்சம் வரை இருக்கலாம் என்று 2003இல் அரசாங்க ஆலோசனைக் குழு ஒன்று கணக்கிட்டது. 2008இல் இத்தகைய குடும்பங்களுக்கென்றே ஒரு தனி நீதிமன்றம் தொடங்கப்பட்டது. அங்கே ஒரே நீதிபதி அடிக்கடி அந்தத் தாய் தந்தையரைச் சந்திக்கிறார். குடியை விட்டார்களா, சிகிச்சைக்குப் போனார்களா, பிள்ளை எப்படி இருக்கிறது என்று நேருக்கு நேர் கேட்கிறார். திருந்தினால் பிள்ளை அவர்களோடு இருக்கும். திருந்த முடியாவிட்டால் காலம் கடத்தாமல் பிள்ளைக்கு வேறிடம் பார்க்கப்படும். கண்டிப்பும் உண்டு, கைகொடுப்பும் உண்டு. பழைய நாளில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து திண்ணையில் உட்கார்ந்து விசாரித்ததைப் போன்றதுதான் இது. அவரிடம் இல்லாத அதிகாரம் நீதிபதியிடம் இருக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம்.

பிரகலாதனுடைய சரித்திரத்தை அடியார்கள் அறிவார்கள். பக்தியின் பெருமையைச் சொல்லும் கதையாகவே அது எப்போதும் சொல்லப்படுகிறது. ஆனால் அது பெற்ற தகப்பனால் கொடுமைப்படுத்தப்பட்ட ஒரு சிறுபிள்ளையின் கதையுமாகும். இரணியன் குடித்தது கள்ளல்ல. வரத்தின் மயக்கம் அவனுக்கு ஏறியிருந்தது. மலையிலிருந்து உருட்டினான், யானையை ஏவினான், நஞ்சு கொடுத்தான். அரண்மனையில் எத்தனையோ பேர் இருந்தும் தகப்பன் மகன் விவகாரம் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றனர். கடைசியில் வந்த நரசிங்கம் வீட்டுக்குள்ளும் இல்லாமல் வெளியிலும் இல்லாமல் வாசற்படியில் இருந்தது. பிள்ளைக்காக வரும் காவல் நிற்கவேண்டிய இடமும் அதுதான். எப்போதும் வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கும் சட்டம் குடும்பத்தைக் கெடுக்கும். வெளியிலேயே நின்றுவிடும் சட்டம் பிள்ளையைக் கெடுக்கும்.

அக்கதையில் இன்னும் ஒன்று உண்டு. எல்லாம் முடிந்தபின் வரம் கேள் என்றபோது பிரகலாதன் தன் தகப்பனின் பாவம் நீங்கவேண்டும் என்றே கேட்டான். அத்தனை கொடுமைக்குப் பிறகும் பிள்ளையின் மனம் தகப்பன் பக்கமே இருந்தது. பிள்ளைகள் அப்படித்தான். அதனாலேதான், அப்பா குடிக்கிறாரா, உன்னை அடிக்கிறாரா, சொல் என்று பிள்ளையை நடுவில் நிறுத்திச் சாட்சி கேட்பது கொடுமையிற் கொடுமையாகிறது. அது இல்லை என்றுதான் சொல்லும். சொல்லவேண்டியவர்கள் பெரியவர்கள்.

யார் அந்தப் பெரியவர்கள்? லயத்தில் ஒரு காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவில் கேட்கும். எந்த வீட்டில் எந்த இரவு என்ன நடந்தது என்பது மறுநாள் காலை பிரட்டுக் களத்துக்கு வருமுன்னே தெரிந்துவிடும். பிள்ளை மடுவத்தில் பிள்ளையைப் பொறுப்பெடுக்கும் ஆயம்மாவுக்கு அதன் உடம்பிலுள்ள தழும்பும் பசியும் தெரியும். தோட்டத் தலைவருக்குத் தெரியும். ஆசிரியருக்குத் தெரியும். இத்தனை பேருக்குத் தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்காமல் இருப்பதற்கு, அடுத்த வீட்டு விவகாரம் என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருக்கிறது. இப்போது 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் வந்துள்ளன. நல்ல காரியம். ஆனால் இடையில் சுவர் ஒன்றாக இல்லாதபடியால் அயல்வீட்டுப் பிள்ளையின் அழுகை இனி கேட்காது. கேட்டபோதே பேசாதவர்கள் கேட்காதபோது பேசுவார்களா என்பது சிந்திக்கற்பாலது.

முறைப்பாடு என்றவுடன் சிறை என்று பயப்படவேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இதற்கு நல்ல உதாரணம். அதன்படி நீதவான் நீதிமன்றம் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். துன்புறுத்துபவர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று கட்டளையிடலாம். பிள்ளைக்காகத் தாயோ பாதுகாவலரோ பிள்ளை யாரோடு வசிக்கிறதோ அவரோ விண்ணப்பிக்கலாம். பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்க இடமுண்டு. இதிலே வீட்டை விட்டுப் போவது பிள்ளையல்ல, தொல்லை கொடுப்பவர். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளையின் செலவுக்குப் பணம் கொடுக்கும்படி கட்டளை பெறலாம். கொடுக்கத் தவறினால் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொடுக்கவும் வழியுண்டு. தவறணைக்குப் போகுமுன் பிள்ளையின் பங்கு பிள்ளைக்கு வந்துவிடும். இவ்விரண்டு சட்டங்களும் சிறைக் கம்பிகளைவிட மலையகத்துக்கு அதிகம் பொருந்துவன.

ஆலயங்களும் இதில் தங்கள் பங்கைப் பார்க்கவேண்டும். மாடசாமி, முனியாண்டி, ரோதைமுனி முதலிய காவல் தெய்வங்களுக்குப் படையலில் சாராயமும் சுருட்டும் வைப்பது சில தோட்டங்களில் முன்னோர் வழக்கமாக வந்திருக்கிறது. முன்னோரைக் குறைசொல்வது இங்கு நோக்கமல்ல. காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்கள் தாங்கள் உண்டதையும் குடித்ததையும் சாமிக்கும் வைத்தார்கள். ஆனால் படையலில் வைத்த போத்தல் பூசை முடிந்தபின் எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். திருநீறு பூசிக்கொண்டு வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாளில் மஞ்சள் நீராட்டு முடிந்த கையோடு நடப்பவையும் அவர்களுக்குத் தெரியும். காப்புக் கட்டிய நாள் முதல் ஒரு துளி தொடாமல் விரதம் இருந்த அதே தகப்பன், காப்பு அவிழ்த்த அன்று மாலையே பழைய நிலைக்குத் திரும்புகிறான். விரத நாட்களில் அவனால் விட முடிந்தது என்பதைப் பிள்ளை பார்த்திருக்கிறது. அம்மனுக்காக விட்டவர் தனக்காக விடவில்லை என்று அது எண்ணாதா? அந்தப் பத்து நாளைத் தொடக்கமாக வைத்துத் தலைவரும் பூசகரும் அந்தத் தகப்பனோடு உட்கார்ந்து பேசினால், பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டிய பல வீடுகள் போகாமல் இருக்கக்கூடும்.

பேசியும் கேளாதவர்கள் விடயத்தில் தாமதிக்கலாகாது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கின்றனர். பொலிஸ் பிரிவுகளில் சிறுவர் மற்றும் மகளிர் பணியகம் இயங்குகிறது. வாக்குமூலம் கொடுப்பவர் தமக்குத் தெரிந்த மொழியில் அதை வாசித்துக் காட்டும்படி கேட்டபின்பே கையொப்பமிடவேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. இரவிலும் பகலிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை, சொல்பவர் தம் பெயரைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிள்ளையின் பெயர், பாடசாலை, தோட்டம், டிவிசன், லய இலக்கம், கடைசியாக நடந்தது என்ன, எப்போது என்பவற்றை முன்கூட்டியே ஒரு துண்டில் எழுதிவைத்துக்கொண்டு பேசினால் வேலை சுலபமாகும்.